இருபதாவது சுற்று

ஜூலை 2, செவ்வாய்

மோகனரங்கம் செத்துப்போனார். பேப்பரில் கால் பக்கத்துக்குப் படம் போட்டிருக்கிறார்கள். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தப் பல் வரிசையோடு. எண்பத்தாறு வயதாம். மில்காரர் மகன், பல்லுக்கு என்ன குறை.

செத்தவரைத் திட்டாதே என்கிறார் எங்கள் வீட்டுக்காரர். உயிரோடு இருந்தபோது திட்டியதைத்தான் இப்போதும் திட்டுகிறேன். புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை.

படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறது: "கார் பந்தயத்தில் இருபத்தேழு வெற்றிகள். இந்த வட்டாரத்தில் வேறு யாரும் எட்டாத எண்ணிக்கை. இவருக்கு அடுத்தபடியாக ஆறுச்சாமி, இருபத்தாறு."

அந்த ஆறுச்சாமிதான் எங்கள் வீட்டுக்காரர்; என் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எண்பத்து நான்கு வயது. இஞ்சின் சத்தத்தில் காது பாதி போய்விட்டது, மற்றபடி கல் மாதிரி இருக்கிறார். அவரை 'அடுத்தபடியாக' என்று எழுத அந்தப் பேப்பர்காரனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

"ஏனுங்க, இதைப் பாத்தீங்களா?" என்று காட்டினேன். அவர் படத்தைத்தான் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துத் துக்கத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.

ஜூலை 4, வியாழன்

பந்தயச் சங்கத்தின் காரியதரிசி கேசவமூர்த்தி வந்தார். சங்கக் கூடத்தில் பெரிய பலகை வைக்கப்போகிறார்களாம். பழைய ஓட்டுநர்கள் பெயர், யார் எத்தனை ஜெயித்தார்கள், யார் முதல் என்று. வருகிற இருபத்தொன்றாம் தேதி திறப்பு.

"ஆனா பழைய நோட்டெல்லாம் கரையான் தின்னு போச்சுங்கம்மா. பேப்பர்ல வந்தது சரியான்னு தெரியல. உங்க ஞாபகந்தான் எங்களுக்கு ரெக்கார்டு. நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா அதுவே முடிவு."

"நான் மூணாவதோட நின்னவ."

"எழுத்துத் தெரியுமில்லீங்க, போதும்."

மகள் கோகிலா தன் வங்கியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நாட்குறிப்பு இது. இதுவரை கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிகளை மட்டும் எழுதிவந்தேன். நேற்று முன்தினம் ஆத்திரத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டேன். இனி இதிலேயே எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

காப்பி வருவதற்குள் எங்கள் வீட்டுக்காரர் தன் பெட்ரோல் கதையை ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். கேஸ்காரருக்குக்கூடச் சொல்லியிருக்கிறார்.

"எழுவத்தொம்பதுல, இருபது சுத்து ரேஸ். எல்லாரும் டேங்க் நெறைய ஊத்திக்கிட்டு வாரான். எனக்கு எதுக்கு அத்தனை பாரம்? இருபது சுத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் அளந்து ஊத்தினேன். இருபதும் முடிஞ்சு கொடி விழுந்துச்சு, நாந்தான் மொதல்ல. அரைச் சுத்து போயிருக்கும், வண்டி நின்னு போச்சு. டேங்க்கைத் தட்டுனா டங்குன்னு சத்தம். ஒரு சொட்டு இல்லீங்க! அன்னையிலிருந்து நான் சொட்டுக்கணக்கு ஆறுச்சாமி."

டிவி மேலிருக்கும் கோப்பையை எடுத்துக் காட்டினார். அவருடைய கடைசி வெற்றி அது. மற்ற கோப்பைகளெல்லாம் பரணில் கிடக்கின்றன. இது ஒன்றுதான் கீழே.

நான் காப்பித் தம்ளர்களைக் கழுவப் போய்விட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

எழுத ஆரம்பிக்கிறேன்.

செங்காட்டூரில் யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. அதில்தான் பந்தயம். வைக்கோல் கட்டும் தார் டிரம்மும் வைத்து வளைவுகள் கட்டுவார்கள். ஓடியவை எல்லாம் தெருவில் ஓடுகிற கார்கள்தான். எங்கள் ஃபியட் வாரம் முழுக்கக் கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்கும் வாடகைக்குப் போகும். சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையில் வைத்து சைலன்சரைக் கழற்றுவார், முன்விளக்குகளில் பிளாஸ்திரி ஒட்டுவார், பாரம் குறையப் பின்சீட்டைக் கழற்றுவார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பின்சீட்டை ஓடுதளத்தின் ஓரமாகப் போட்டு அதில் நான் உட்காருவேன்.

சும்மா உட்காரவில்லை. சுற்று எண்ணுவேன். ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் சொந்தமாக எண்ண ஓர் ஆள் வேண்டும், சங்கத்து ஆளை மட்டும் நம்ப முடியாது. அந்தச் சத்தத்தில் வாயால் எண்ணினால் பத்துக்குமேல் குழம்பும். அதனால் எனக்கு மொச்சைக்கொட்டை. இருபது சுற்று என்றால் இருபது மொச்சை, சீட்டின் மேல் வலது பக்கம். எங்கள் வண்டி ஒருமுறை தாண்டினால் ஒன்றை எடுத்துச் சுருக்குப்பையில் போடுவேன். சீட்டில் மொச்சை தீர்ந்தால் பந்தயம் தீர்ந்தது. பதின்மூன்று வருஷம் இப்படித்தான் எண்ணினேன்.

1967: இரண்டு வெற்றி. தை மாதம் ஒன்று, ஆவணியில் ஒன்று. ஆவணியில் மோகனரங்கம் மூன்றாவது வந்தார்.

1968: மூன்று. சித்திரையில் ஜெயித்தபோது கதவு ஒன்று கழன்று தனியாக ஓடியது.

1969: ஒன்றுதான். எனக்கு அம்மை போட்டிருந்தது.

நடுவில் உள்ள வருஷங்கள் பிறகு. முதலில் 1973. இதற்குத் தனிப் பக்கம்.

பதினாறாவது சுற்றில் எங்கள் வண்டி டயர் மாற்ற உள்ளே வந்தது. டயர் மாற்றுகிற சந்திலேயே எல்லைக்கோட்டைத் தாண்டித்தான் வெளியே போனது. அது ஒரு சுற்று. சங்கத்து மேசையில் எண்ணிக்கொண்டிருந்தவர் மோகனரங்கத்தின் அக்கா புருஷன். அந்த நேரம் பார்த்து அவர் திரும்பி உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார். உருளைக்கிழங்கு போண்டா. அந்தச் சுற்றை எழுதவில்லை. முதலில் வந்த எங்களை ஒரு சுற்றுக் குறைவு என்று சொல்லி, மோகனரங்கத்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். என் சுருக்குப்பையை மேசைமேல் கொட்டி எண்ணிக் காட்டினேன். "மொச்சையெல்லாம் சாட்சியாம்மா?" என்று சிரித்தார்கள். மோகனரங்கமும் அங்கேதான் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்தயத்திலும் அந்த மேசைக்குப் போய் நின்று கத்தினேன். இரண்டு வருஷம் கத்தியதும் மேசைக்குப் பக்கத்திலேயே எனக்கு இடம் விட்டார்கள். அப்புறம் அவர்களே "அம்மா, எத்தனாவது சுத்து?" என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். என் எண்ணிக்கை தப்பியதே இல்லை என்று செங்காட்டூர் முழுக்கப் பேச்சு.

ஆக, பலகையில் எங்கள் வீட்டுக்காரருக்கு இருபத்தேழு, மோகனரங்கத்துக்கு இருபத்தாறு. அதுதான் நியாயம்.

ஜூலை 6, சனி

மிளகாய் காயப்போட்டேன். எழுதவில்லை.

ஜூலை 8, திங்கள்

1978 வரை முடித்துவிட்டேன். தேதி, மாதம், யார் இரண்டாவது, என்ன மழை, என்ன வெயில் எல்லாம் எழுதியாயிற்று. கோகிலா படித்துப் பார்த்துவிட்டு, "என்றம்மா கம்ப்யூட்டரு" என்றாள். பிறகு பக்கத்தைப் புரட்டினாள்.

"எழுவத்தொம்பது எங்கேம்மா? அப்பாவோட பெட்ரோல் ரேஸை விட்டுட்டியே!"

"கை வலிக்குது."

"நான் எழுதறேன், நீ சொல்லு."

"போய் உன்ற வேலையப் பாரு கண்ணு. எல்லாம் நாளைக்கு எழுதலாம்."

ஜூலை 9, செவ்வாய்

சிலிண்டர் மாற்றினேன்.

ஜூலை 11, வியாழன்

ஐம்பத்தோரு வருஷம் கழித்து மோகனரங்கம் வீட்டு வாசல்படி ஏறினேன். எங்கள் வீட்டுக்காரர் தொல்லை தாங்கவில்லை. "லீலாவதி அம்மா தனியா இருக்காங்க. நீ வரலீன்னா நானும் சோறு திங்கமாட்டேன்" என்றார். கோகிலா காரில் கூட்டிப்போனாள்.

மோகனரங்கத்தின் மனைவி லீலாவதி மெலிந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் என் பெயரைச் சொல்லி, "வாங்க பாவாத்தா. திட்டறதுன்னா ஒக்காந்து திட்டுங்க. நின்னா உங்களுக்கு மூட்டு வலிக்கும்" என்றாள். அவளுக்கும் வாய் உண்டு என்பதை மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை.

பலகை பற்றிப் பேச்சு வந்தது. அவள் உள்ளே போய் ஒரு சின்ன நோட்டுக் கொண்டுவந்தாள். மோகனரங்கம் தன் கையால் எழுதி வைத்த வெற்றிக் கணக்கு. அதில் 1973 பந்தயத்தின் மேல் கோடு போட்டு அடித்திருந்தது. பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: "இது ஆறுச்சாமியுடையது. ஒரு சுற்றை விட்டுவிட்டார்கள்." கடைசிப் பக்கத்தில் கூட்டல். இருபத்தாறு.

நான் இரண்டு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் படித்தேன்.

"வெளிய சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"சொன்னா அவரோட அக்கா வீட்டுக்காரரு மானம் போகும். அக்காளுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லல. ஆனா உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி மன்னிப்புக் கேட்டாரே. அடுத்த வருசமே."

திரும்பி இவரைப் பார்த்தேன். அந்தச் சமயம் பார்த்து இவருக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "அம்பது வருசமா எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ யாரைத் திட்டுவே அம்மிணி? அந்தாளைத் திட்டுனாத்தான் உனக்கு வேலை ஓடும். அவரைத் திட்டிக்கிட்டே மாவாட்டுனா இட்லி எப்படி இருக்கும் தெரியுமா?"

கோகிலா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவள் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கேசவமூர்த்திக்கு அனுப்பியும் விட்டாள். சாயங்காலமே போன் வந்தது. "ஐயாதானுங்க மொதல் எடம்! இருபத்தேழு! பெயிண்டரை மாத்தி எழுதச் சொல்லிட்டேன். எழுவத்தொம்பதை மட்டும் எழுதிக் குடுத்துருங்கம்மா, ஃபைலை முடிச்சுரலாம்."

ஜூலை 12, வெள்ளி

முதல் இடமெல்லாம் தனக்கு ஒன்றுமில்லை என்று ஐம்பது வருஷமாகச் சொன்ன மனுஷன் இன்று காலை முடி வெட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையை எடுத்து, நான் தேய்த்தது சரியில்லை என்று தானே ஒருமுறை தேய்த்தார். டிவி மேலிருந்த கோப்பையைப் புளி போட்டுத் துலக்கினார். அதைத் திறப்பு விழாவுக்குக் கையோடு கொண்டுபோகப் போகிறாராம்.

"இனி 'அடுத்தபடியாக'ன்னு யாரு பேருக்கு முன்னால போடுவாங்க?" என்று கேட்டார்.

"மோகனரங்கம் பேருக்கு" என்றேன்.

"பாவம்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

ஜூலை 13, சனி

1979.

ஐப்பசி மாதம். கோகிலாவுக்கு இரண்டு வயது. பின்சீட்டில் என் பக்கத்தில் உட்காரவைத்திருந்தேன். ஐந்தாவது சுற்றில் மழை பிடித்தது. மற்ற வண்டிகளுக்கு எண்ண வந்தவர்கள் எல்லாரும் மரத்தடிக்கு ஓடினார்கள். மில்காரர் ஆட்கள் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சங்கத்து மேசையில் இருந்த காகிதமெல்லாம் மை கரைந்து நீலமாக ஓடியது. நான் மட்டும் குழந்தையை முந்தானைக்குள் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

எங்கள் வண்டிதான் முன்னால். பின்னாலேயே மோகனரங்கம், வால் பிடித்த மாதிரி. மேசையிலிருந்து கேட்டார்கள், "அம்மா, எத்தனை?" கீழே பார்த்தேன். மொச்சை தீர்ந்திருந்தது. "இருபது முடிஞ்சுது, கொடியைப் போடுங்க" என்றேன். போட்டார்கள். எங்கள் வண்டி ஜெயித்தது. அரைச் சுற்றுப் போய்ப் பெட்ரோல் தீர்ந்து நின்றது. எல்லாரும் ஓடிப்போய் அவரைத் தோளில் தூக்கினார்கள்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது கோகிலா எதையோ மென்றுகொண்டே வந்தாள். வாயில் விரலை விட்டு எடுத்தேன். ஒரு மொச்சை.

சீட்டில் இருபது வைத்தேன். ஒன்றைக் குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அப்படியென்றால் என் கை எடுத்தது பத்தொன்பதுதான். வண்டிகள் ஓடியது பத்தொன்பது சுற்று. இருபதாவது சுற்று ஓடியிருந்தால் எங்கள் வண்டி பாதியில் நின்றிருக்கும், பின்னால் வந்த மோகனரங்கம் ஜெயித்திருப்பார்.

பஸ்ஸில்தான் தெரிந்தது என்று எழுதிவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். கொடியைப் போடுங்கள் என்று சொன்னபோதே வயிற்றுக்குள் ஏதோ பத்தொன்பது என்றது. மொச்சை இருபது என்றது. எனக்கு எது வேண்டுமோ அதைச் சொன்னேன்.

அந்த மொச்சையை ஜன்னல் வழியே எறிந்தேன். 73-இல் எங்களிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினார்கள், அதற்கு இது சரி என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமும் அப்படித்தான். ஆனால் அந்த ஆள் தன் ஒன்றைத் தன் நோட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் போய்க் கொடுக்கவில்லை. நோட்டில் 79-க்கு நேராக அவர் 'இரண்டாவது' என்று மட்டும்தான் எழுதியிருந்தார். அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூலை 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காதுக்குப் பக்கத்தில் போய் மெதுவாகத்தான் சொன்னேன். "என்னது?" என்றார். கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "கோகிலா எதைத் தின்னா?" என்றார். கடைசியில், "எழுவத்தொம்பதுல நான் ஒரு சுத்துக் கொறைச்சு எண்ணிட்டனுங்க! அந்த ரேஸை நீங்க ஜெயிக்கல!" என்று கத்த வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டில் மிக்ஸி சத்தம் நின்றது.

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப என்ற பெட்ரோல் கணக்குத் தப்பா?"

நான் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இருபது சுத்துக்கு ஊத்துனது பத்தொம்பதரைக்குத்தான் வந்துச்சா?"

எழுந்து போய் டிவி மேலிருந்த கோப்பையை எடுத்தார். பரணில் வைக்க எட்டவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ஜூலை 15, திங்கள்

பேசவில்லை. நான் வைத்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. கோபத்தை மனசில் வைத்துக்கொள்ளவே தெரியாத மனுஷன். கற்றுக்கொண்டதும் முதலில் என்மேல்தான் பழகிப் பார்க்கிறார்.

ஜூலை 16, செவ்வாய்

கோகிலா கையால் கொடுத்தால் காப்பி குடிக்கிறார். அதே காப்பி, நான் போட்டது.

ஜூலை 17, புதன்

காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார். முப்பத்தோரு தாள். இந்தக் காலண்டரில் இப்போது டிசம்பர் இல்லை.

ஜூலை 18, வியாழன்

விடியற்காலை அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி! அன்னிக்குக் காலம்பற ரேசுக்கு முன்னால கோகிலா அழுதா. ஞாபகம் இருக்குதா?"

"ஆமாங்க. சிவப்பு கவுனு போட்டிருந்தா. நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்க."

"தூக்கிட்டு எங்க போனேன்?"

நினைத்துப் பார்த்தேன். நன்றாக ஞாபகம் இருந்தது. "வண்டிக்குள்ள மடியில வெச்சு, டிரம் வரைக்கும் ஓட்டிக் காமிச்சீங்க. மூணு தடவை. எறங்கவே மாட்டேன்னா."

"அளந்து ஊத்துனதுக்கு அப்பறமா, முன்னாலயா?"

"அப்பறமுங்க. ஊத்தி மூடின கேனுக்கு மேலதான் நான் ஒக்காந்திருந்தேன்."

கையில் இருந்த தாளை அடுப்பு மேடையில் ஓங்கி அடித்தார். "அதானே பாத்தேன்! மூணு தடவை போய் வந்தா அரைச் சுத்துக்கு மேல வருது. என்ற கணக்கு சரிதான்! சொட்டுக்குச் சொட்டுச் சரி! பெட்ரோலைக் குடிச்சதும் இவ, மொச்சையத் தின்னதும் இவ!"

கோகிலா பல் துலக்கிக்கொண்டே வந்தாள். "ரெண்டு வயசுல நானே ரேஸை ஜெயிச்சுத் தோத்திருக்கேனா?" என்றாள். நாற்பத்தேழு வயசுக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் உட்கார்ந்து என் கையால் காப்பி வாங்கிக் குடித்தார். சர்க்கரை குறைவு என்றார். குறைவில்லை. மூன்று நாள் பாக்கியைச் சேர்த்துச் சொல்கிறார்.

பிறகு தானே கேசவமூர்த்திக்குப் போன் போட்டார். பாதிப் பேச்சை நான் பிடுங்கிப் பேசினேன், அவருக்குத்தான் எதிர்ப்பக்கம் பேசுவது கேட்காதே.

"அம்மா, இதை நீங்க சொல்லாமயே விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுங்களே" என்றார் கேசவமூர்த்தி.

"எனக்குத் தெரியுமில்ல? எழுவத்து மூணுல சங்கம் எங்களுக்கு ஒண்ணு தரோணும். எழுவத்தொம்பதுல நாங்க அவருக்கு ஒண்ணு தரோணும். ரெண்டையும் போடுங்க."

போனில் முணுமுணுப்பு கேட்டது. கூட்டிப் பார்க்கிறார் போல.

"அப்படிப் போட்டா மோகனரங்கம் இருபத்தேழு, ஐயா இருபத்தாறு. பேப்பர்ல வந்த அதே நம்பருதானுங்களே?"

"அதேதான்."

"பெயிண்டர் ஏற்கெனவே ஒருதடவ அழிச்சு எழுதிட்டாருங்கம்மா. இப்ப மறுபடி அழிக்கச் சொன்னா பிரஷ்ஷைத் தூக்கி என்மேல எறிவாரு."

"குனிஞ்சுக்குங்க" என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

காலை பத்து மணிக்குத் திறந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். பலகையில் முதலில் மோகனரங்கம், இருபத்தேழு. அடுத்து ஆறுச்சாமி, இருபத்தாறு. அதே எண்கள்தான். ஆனால் அதைப் பார்த்து நான் பல்லைக் கடிக்கவில்லை. 'அடுத்தபடியாக' என்ற சொல் இல்லை, கேசவமூர்த்தியிடம் அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

லீலாவதி முன்வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்த கோப்பையை அவள் மடியில் வைத்தார். அவள் அதைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து, "புளி போட்டுத் துலக்குனீங்களா? விபூதி போட்டுத் தேய்ச்சா இன்னும் பளிச்சுன்னு இருக்கும்" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாய் மட்டும் அடங்கவில்லை. எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது அவளை.

பிறகு எங்கள் வீட்டுக்காரரைப் பேசச் சொன்னார்கள். யாரோ பின்னாலிருந்து, "ஐயா, பெட்ரோல் கதை!" என்று குரல் கொடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இனி அவருக்குச் சொல்ல அந்தக் கதை இல்லையே என்று நினைத்தேன்.

மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"எழுவத்தொம்பதுல, இருபது சுத்து ரேஸ். எல்லாரும் டேங்க் நெறைய ஊத்திக்கிட்டு வாரான். நான் சொட்டுக் கணக்கா அளந்து ஊத்தினேன். என்ற மக அழுதா. அவளைச் சமாதானம் பண்ண மூணு ட்ரிப்பு அடிச்சேன். அங்க போச்சு அரைச் சுத்துப் பெட்ரோலு. அப்பறம் அதே மக ஒரு மொச்சையத் தின்னா. அங்க போச்சு ஒரு முழுச் சுத்து. தோக்க வேண்டிய ரேஸை ஜெயிச்சு, நாப்பத்தஞ்சு வருசம் பெருமை பேசிட்டேன். வட்டி வேண்டாம், அசலை மட்டும் திருப்பிக் குடுத்துட்டேன்!"

கூடம் அதிர்ந்தது. பழைய கதைக்கு இத்தனை சிரிப்பை நான் பார்த்ததில்லை. லீலாவதி கோப்பையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். கோகிலாவை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். அவரும் விடவில்லை. முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார். இறங்கி வரும் வழியில் மூன்று பேருக்குத் தனித்தனியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு மிக்ஸிக்காரியிடமும் சொல்லியாயிற்று.

எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது, ஒன்றைத் தவிர. மேடையை விட்டு இறங்குவதற்கு முன்னால் மைக்கை மறுபடி பிடித்து, "என்ற வீட்டுக்காரி பதிமூணு வருசம் சுத்து எண்ணினா. ஒரே ஒருக்காதான் தப்பா எண்ணினா" என்றார்.

இருநூறு பேருக்கு முன்னால். பதினொன்றே கால் மணிக்கு. வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் போடாமல். நான் இதை மறக்கப்போவதில்லை.